மருத்துவமனை வேலையில் சேருகிறீர்களா? முதல் டூட்டிக்கு முன்பே உங்கள் உடம்புக்கு ஒரு ஃபைல் போடுங்கள்

ஆர்டர் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரியும். சான்றிதழ் நகல், கவுன்சில் பதிவு, வங்கிக் கணக்கு, யூனிஃபார்ம் அளவு, ஹாஸ்டல். அந்தப் பட்டியலின் கடைசியில் ‘மெடிக்கல் ஃபிட்னஸ்’ என்று ஒரு வரி இருக்கும். தெரிந்த டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கி இணைத்தால் அதுவும் முடிந்தது. பலருடைய உடல் பரிசோதனை வாழ்க்கை முழுக்க அந்தக் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த வழிகாட்டி அந்த ஒரு வரியைப் பற்றியது. ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் அல்லது ஓ.டி. டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், ஹவுஸ்கீப்பிங் அக்கா, கழிவு வண்டி தள்ளுகிற அண்ணன் என்று நோயாளியின் ரத்தத்துக்கும் சளிக்கும் அருகில் நிற்கிற எல்லோருக்கும் இது பொருந்தும். பரிசோதனையும் தடுப்பூசியும் வேலையில் சேர்வதற்கு முன் முடிய வேண்டும், அதற்கான காகிதம் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். ஊசி குத்திய பிறகு ஓடித் தேடும்போது மணி நேரங்கள் போய்விடும்.

1. உங்களுக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பரிசோதனை, தடுப்பூசி என்றதும் ‘அதெல்லாம் நம்ம செலவுதான்’ என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. மருத்துவமனை தன் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று), டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்து பதிவை வைத்திருக்க வேண்டும். மருத்துவக் கழிவைக் கையாளும் மற்றவர்களும் இதில் அடக்கம். கான்ட்ராக்டில் வந்த ஹவுஸ்கீப்பிங் ஆட்களை ‘அவங்க ஏஜென்சி ஆளுங்க’ என்று ஒதுக்க அந்த விதியில் இடமில்லை. நடைமுறையில் முதலில் விடுபடுவதும் அவர்கள்தான்.

இன்னொன்று எச்ஐவி. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுக்க எச்ஐவி பரிசோதனையை முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது அது. தொற்று அபாயம் உள்ள இடங்களில் கையுறை முதலிய பாதுகாப்புப் பொருட்களையும், ரத்தம் பட்டுவிட்டால் தடுப்பு மருந்தையும் நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நிறுவனம் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வந்தால் அட்டை கிடைக்கும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு ஈஎஸ்ஐ-யில் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. சேர்ந்த அன்றே அடிபட்டாலும் செல்லும். ஆனால் காயம் பதிவாகியிருக்க வேண்டும்.

2. சேரும்போது செய்ய வேண்டிய பரிசோதனைகள்

பெரிய பேக்கேஜ் எதுவும் வேண்டாம். ஹீமோகுளோபினும் அணுக்களும் தெரியும் முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, சிறுநீர், ரத்த அழுத்தம், எடை, பார்வை, மார்பு எக்ஸ்ரே. இவற்றோடு ஹெபடைடிஸ் பி-க்கு எச்பிஎஸ்ஏஜி (தொற்று இருக்கிறதா என்று காட்டும்), ஆன்டி எச்பிஎஸ் (எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும்) இரண்டும், ஹெபடைடிஸ் சி-க்கு ஆன்டி எச்சிவி-யும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது எடுக்கும் இந்த முதல் அறிக்கை பின்னால் எதிர்பாராத விதத்தில் உதவும். நாளைக்கு உங்களுக்கு ஹெபடைடிஸ் சி வந்தது என்றால் ‘வேலைக்கு வரும்போதே இருந்திருக்கும்’ என்று யாரும் கை கழுவ முடியாது. சேரும் நாளில் இல்லை என்பதற்கு தேதியோடு காகிதம் இருக்கும்.

இந்தப் பரிசோதனையில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்தால் பதறாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் இருபது வயது வரை தெரியாமலே இருப்பது சாதாரணம். கல்லீரல் மருத்துவரைப் பார்த்து வைரஸ் அளவு எடுக்க வேண்டும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதிக்க வேண்டும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

3. ஹெபடைடிஸ் பி: ஊசி போட்டால் போதாது, டைட்டர் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

‘சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்பது வழக்கமான பதில். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடு முழுவதும் வந்தது 2011-12 வாக்கில்தான். இப்போது படிப்பை முடித்து வேலைக்கு வருபவர்களில் பலர் அதற்கு முன்பு பிறந்தவர்கள். அட்டையில் பதிவு இல்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. தோள்பட்டைக்குக் கீழே மேல் கையில் போட வேண்டும். டூட்டி ரூமில் தோழிகள் ஒருவருக்கொருவர் இடுப்பில் போட்டுக்கொள்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. இடுப்பில் போட்டால் இந்த ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். நடுவில் ஒரு டோஸ் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்டி எச்பிஎஸ் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்ற அளவு, எடுக்க வேண்டும். முடிவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். பிறகு ஆண்டுகள் போகப் போக அந்த எண் இறங்கினாலும், நோய் எதிர்ப்பு குன்றியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக பூஸ்டர் வேண்டாம்.

10-க்குக் கீழே வந்தால் இன்னொரு முறை முழு மூன்று டோஸ் போட்டு மறுபடி பார்ப்பார்கள். எப்போதோ போட்டவர், டைட்டரே எடுக்காதவர் என்றால் ஒரு டோஸ் போட்டு, ஒரு மாதம் கழித்துப் பார்த்தே பல நேரம் தெரிந்துவிடும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் எண் ஏறவில்லை என்றால் அந்த உடம்பு தடுப்பூசியை ஏற்கவில்லை. அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசி குத்தினால் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) வேண்டும், அதுவும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். எல்லா ஊரிலும் நள்ளிரவில் கையிருப்பு இருக்கிற மருந்து அல்ல அது. அதனால்தான் உங்கள் எண் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அந்த அறிக்கையைப் போட்டோ எடுத்து மொபைலில் வையுங்கள். ஐடி கார்டின் பின்பக்கம் டைட்டர் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

4. மற்ற தடுப்பூசிகள்

டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டிடி பத்து ஆண்டுக்கு ஒரு முறை. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் இரண்டு டோஸ் போட்டதற்குச் சான்று இல்லை என்றால் 28 நாள் இடைவெளியில் போட்டுக்கொள்ளுங்கள். சின்னம்மை வந்ததில்லை, ஊசியும் போட்டதில்லை என்றால் அதற்கும் இரண்டு டோஸ். இந்த இரண்டும் உயிருள்ள கிருமியால் ஆனவை. கர்ப்பத்தில் போடக் கூடாது, போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கல்யாணம் நிச்சயமானவர்கள் இதைக் கணக்கில் வைத்து முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. இன்ஃப்ளுயன்சா ஆண்டுதோறும்.

5. ஊசி குத்திவிட்டது. இப்போது என்ன?

எங்கே குத்தும் என்று பார்த்தால், போடும்போது குத்துவதைவிடப் போட்டு முடித்த பிறகுதான் அதிகம். மூடியைத் திரும்ப மாட்டும்போது. ட்ரேயில் பஞ்சுக்கு அடியில் கிடக்கும்போது. கருப்புக் கவரில் யாரோ போட்ட கேனுலாவின் ஊசி, கவரைத் தூக்கும் அக்காவின் தொடையில். மூடியை இரண்டு கையாலும் மாட்டாதீர்கள். மாட்டியே ஆக வேண்டும் என்றால் மூடியை ட்ரேயில் படுக்கவைத்து ஒரு கையால் ஊசியை உள்ளே நுழைத்து எடுங்கள். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அனுப்பிவிட வேண்டும். நிறைந்த டப்பாவில் இன்னும் ஒன்று என்று அழுத்தும் விரலில்தான் பல முறை குத்துகிறது.

குத்திவிட்டால்:

முதலில் கையுறையைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிழியாதீர்கள். பழக்க தோஷத்தில் விரல் வாய்க்குப் போகும், விடாதீர்கள். ஸ்பிரிட், பிளீச், டிஞ்சர் எதுவும் ஊற்ற வேண்டாம், தோலைப் புண்ணாக்குவதுதான் மிச்சம். கண்ணில் தெறித்தால் தண்ணீரிலோ சலைனிலோ நன்றாக அலசுங்கள், சோப்பு கூடாது.

அடுத்து, சொல்லுங்கள். இன்சார்ஜ் சிஸ்டரிடம், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம், இரவானால் டூட்டி டாக்டரிடம். இந்த இடத்தில்தான் ஆட்கள் தயங்குகிறார்கள். ‘சின்னக் கீறல்தான் சிஸ்டர்’, ‘பேஷண்ட் நம்ம தெருக்காரர், நல்ல மனுஷன்’, ‘சொன்னா நான் கவனமில்லாம செஞ்சேன்னு திட்டுவாங்க’. நல்ல மனிதரா என்பதற்கும் அவர் ரத்தத்தில் வைரஸ் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. திட்டுக்குப் பயந்து மூன்று நாள் கழித்துச் சொன்னால், அதற்குள் எச்ஐவி தடுப்பு மருந்துக்கான கெடு முடிந்திருக்கும்.

அபாயத்தின் அளவு தெரிந்தால் பயமும் அலட்சியமும் இரண்டுமே குறையும். தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஒரு முறை குத்தினால் எச்ஐவி வர வாய்ப்பு ஆயிரத்துக்கு 3 அளவில். ஹெபடைடிஸ் சி நூற்றுக்கு 2-க்கும் கீழே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி நூற்றுக்கு 6 முதல் 30 வரை போகும். எல்லோரும் கேட்டுப் பதறுவது எச்ஐவி-யைத்தான். எண்ணைப் பார்த்தால் ஹெபடைடிஸ் பி-தான் பெரிய ஆள், அதற்குத்தான் தடுப்பூசியும் இருக்கிறது.

பிறகு நோயாளியின் சம்மதத்தோடு அவருக்கும், அன்றே உங்களுக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை. உங்களுடையதைக் குத்தியவுடன் எடுப்பதன் அர்த்தம், அதற்கு முன் இல்லை என்று காட்டுவது. எச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. நோயாளியின் முடிவு வரத் தாமதமானால் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம், நெகட்டிவ் என்று வந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்வார். தொடர வேண்டும் என்றால் 28 நாள், ஒரு நாள்கூட விடாமல். குமட்டல் வரும், அதற்கு மருந்து கேளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பமாகவோ தாய்ப்பால் கொடுப்பவராகவோ இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

தனியார் சிறு மருத்துவமனையில் மருந்து இல்லை என்றால் அருகிலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அல்லது ஏஆர்டி மையத்துக்கு (எச்ஐவி சிகிச்சை மையம்) நேரே போங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை போட்ட அறை இருக்கும். 1097 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம்.

ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மறுபரிசோதனை உண்டு. அது முடியும் வரை ரத்ததானம் வேண்டாம், கணவன் மனைவிக்குள் ஆணுறை வேண்டும். கடைசியாக, கழிவு விதிகளின்படி விபத்துப் பதிவுப் படிவம் ஒன்று இருக்கிறது. அதை நிரப்பச் செய்து நகல் வாங்குங்கள். ஈஎஸ்ஐ-க்கும் அதுதான் ஆதாரம்.

6. காசநோய்

உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். எனவே நீங்கள் மார்புப் பிரிவில் வேலை செய்யாவிட்டாலும், இருமலோடு வேறு ஏதோ சிகிச்சைக்கு வந்தவரிடமிருந்து தொற்றலாம். நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் உங்கள் துளி மற்றவர் மீது படாமல் காக்கும், காற்றில் மிதக்கும் கிருமியிலிருந்து உங்களைக் காக்காது. அதற்கு என்95. மாட்டியதும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பலமாக ஊதிப் பாருங்கள். மூக்கோரத்தில் காற்று கசிந்து கண்ணாடியில் ஆவி படிந்தால் அது பொருந்தவில்லை. தாடிக்கும் என்95-க்கும் ஒத்துப்போகாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் கையிலிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களே எடுத்து விழுங்காதீர்கள். மருந்து எட்டும் தூரத்தில் இருப்பதால் இந்தத் துறையில்தான் சுயமருத்துவம் அதிகம். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, அதன் பிறகு மருந்து.

7. முதுகும் காலும்

நாற்பது வயது சிஸ்டர்களிடம் கேளுங்கள், ஊசியைவிட முதுகைப் பற்றித்தான் புலம்புவார்கள். நோயாளியைக் கட்டிலில் மேலே இழுக்கும்போது கட்டிலின் உயரத்தை உங்கள் இடுப்பு மட்டத்துக்கு ஏற்றுங்கள், சக்கரத்துக்கு பிரேக் போடுங்கள். ஏற்ற முடியாத பழைய இரும்புக் கட்டில் என்றால் முட்டியை மடக்கி நில்லுங்கள். தனியாக இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர், அடியில் ஒரு டிரா ஷீட், ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில். ‘பாப்பா, உன் கழுத்தைப் பிடிச்சுக்கறேன்’ என்று தாத்தா கையைப் போட வந்தால் அன்பாக மறுத்துவிடுங்கள். அவர் தடுமாறினால் முழு எடையும் உங்கள் கழுத்து எலும்பில் இறங்கும். உங்கள் முன்கையையோ தோளையோ பிடிக்கச் சொல்லுங்கள்.

நின்றே வேலை செய்பவர்களுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருளத் தொடங்கினால் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஷூ வாங்கும்போது கணக்குப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது. பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரம் ஓட்டுவது. சிறுநீர்த் தொற்று இந்தத் தொழிலில் அடிக்கடி வருவதற்கு அதுவும் காரணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உடன் டூட்டியில் இருப்பவரிடம் உங்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் போய் வருவதில் வார்டு முழுகிவிடாது.

8. நைட் டூட்டி

காபி, டீயை டூட்டியின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். இடைவேளை கிடைத்தால் 20 நிமிடத் தூக்கம் போதும். அதற்கு மேல் போனால் எழும்போது மந்தமாக இருக்கும். நள்ளிரவு இரண்டு மணி பரோட்டாவை உடம்பு மன்னிப்பதில்லை. இட்லி, தயிர்சாதம், சுண்டல் மாதிரி லேசாகக் கொண்டுபோங்கள். காலையில் ஸ்கூட்டி ஓட்டி வீடு திரும்பும் அரை மணி நேரம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. கண் சொருகினால் பஸ்ஸில் வாருங்கள். வீட்டில் ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ‘மதியம் வரை எழுப்பாதீங்க’ என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். மாமியார் வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். டூட்டி சார்ட்டை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தால் வாய்ச்சண்டை கொஞ்சம் குறையும்.

9. ஆண்டுக்கு ஒரு முறை

முப்பது பேருக்கு பிபி பார்ப்பவர் தன் கையில் பட்டையைச் சுற்றிப் பார்ப்பது அபூர்வம். பிறந்த நாள் மாதத்தை நினைவுக்கு வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் ஆண்டுப் பரிசோதனையைக் கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே சரி, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5-லிருந்து சர்க்கரை நோய். ஆனால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை. நம் பெண்களில் பாதிக்கும் மேல் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். முப்பது வயது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

எக்ஸ்ரே, கேத் லேப் ஆட்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மார்பு மட்டத்தில், லெட் ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். பேட்ஜை மேஜை டிராயரில் வைத்துவிட்டு வேலை செய்தால் அது டிராயருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்றுதான் சொல்லும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கீமோ மருந்து கலக்கும் இடத்தில் வேலை செய்பவர்களும் அப்படியே.

10. வெளிநாடு போகும் முன், வேலையை விடும் முன்

வளைகுடா நாடுகளுக்கு வாஃபித் என்ற இணையதளம் வழியாக ஒதுக்கப்படும் மையத்தில் மெடிக்கல் எடுக்க வேண்டும். முன்பு காம்கா என்பார்கள். அங்கே எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் வந்தாலோ எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலோ அன்ஃபிட் ஆகலாம். ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் சொந்தமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் அந்நாட்டு அரசு அங்கீகரித்த மையத்தில் காசநோய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது ஆறு மாதம் செல்லும். அங்கே மருத்துவமனையில் சேரும்போது ஹெபடைடிஸ் பி டைட்டர், எம்எம்ஆர், சின்னம்மை எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள்.

உள்ளூரிலேயே வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் சரி, ரிலீவிங் ஆர்டரோடு நான்கு நகல்களையும் கேட்டு வாங்குங்கள்: தடுப்பூசிப் பதிவு, டைட்டர் அறிக்கை, ஆண்டுப் பரிசோதனை அறிக்கைகள், ஊசி குத்தியிருந்தால் விபத்துப் படிவம். எக்ஸ்ரே துறையினருக்கு ஐந்தாவதாக டோஸ் பதிவு. இவற்றை எச்ஆர் அறையில் ‘அப்புறம் மெயில் பண்றோம்’ என்று சொன்னால் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்து வாங்கிவிடுங்கள்.